வண்டிப் புத்தகம் மட்டுமே கேட்கும் பிள்ளையைப் பள்ளிக்கு எப்படிப் பழக்குவது?

ஜூனில் எல்.கே.ஜி. சேரப்போகிற பையன் லாரி, ரயில் படப் புத்தகம் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்கிறீர்கள். பரவாயில்லை, அதுவே போதும். கடகடவென்று வாசித்து முடிக்காமல் ஒரே பக்கத்தில் நின்று, "இந்த பஸ் எங்க போவுது? யாரு இறங்குறாங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

என் மகள் பஸ் படத்தின் கடைசி ஜன்னலில் விரலை வைத்து, "இந்தப் பாப்பா அழுவுது, அம்மா வரல" என்றாள். பள்ளிப் பயம் அப்படித்தான் வெளியே வந்தது. "சாயங்காலம் இதே பஸ்ல வந்துடும், அம்மா வாசல்ல நிப்பாங்க" என்று தினமும் அந்தப் பக்கத்தில் சொன்னோம்.

அப்புறம், ஒருநாள் காட்பாடி மாதிரி பக்கத்திலுள்ள ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயிலைக் காட்டுங்கள். புத்தகத்துக்கு, ஸ்டோரிவீவர் (StoryWeaver) இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.