புற்றுநோயோடு மோத டாக்டர் படிப்பு ஒன்றுதான் வழியா?

ஐயா, உங்கள் மகள் செல்லுக்குள் வேலை செய்யும் கைனேஸ் நொதிகளைப் படிக்கணும், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகணும் என்கிறாள். அவள் பெரியப்பாவோ கடன் வாங்கியாவது டாக்டருக்குப் படிக்க வை என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் பெரியப்பா சொல்வது தப்பு.

நோயாளியைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு மருத்துவம் சரி. உங்கள் மகள் கேட்பது, செல் ஏன் நிற்காமல் பெருகுகிறது என்று. அந்தக் கேள்விக்கு உயிர்வேதியியல்தான் நேர்வழி.

கைனேஸ், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு மூலக்கூறில், பெரும்பாலும் ஒரு புரதத்தில், ஒட்டும். 'பெருகு' என்ற உத்தரவு செல்லுக்குள் இப்படித்தான் கைமாறுகிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் ஏபிஎல் என்ற கைனேஸ் அணையாத சுவிட்ச் ஆகிவிடுகிறது. ஏடிபி உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும் இமாட்டினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் டாக்டர் பிரையன் டிரக்கருக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே உழைத்த நிக்கோலஸ் லைடன் உயிர்வேதியியலாளர். உங்கள் சொந்தக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

வேலை தீர்ந்துபோகவும் இல்லை. அதே நொதியின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் என்ற இன்னொன்று வந்துவிட்டால் இமாட்டினிப் ஒட்டாது. அப்புறம் வேறு மூலக்கூறு தேடணும். சுத்தப்படுத்திய நொதி, அது பாஸ்பேட்டை ஒட்டவேண்டிய மூலக்கூறு, ஏடிபி, மருந்து நான்கையும் குட்டிக் குழிகள் கொண்ட தட்டில், குழிக்குக் குழி மருந்தின் அளவை மாற்றிக் கலப்பார்கள். மிஞ்சிய ஏடிபியை ஒளியாக மாற்றி அளப்பது ஒரு முறை. மருந்து நொதியை அடக்கியிருந்தால் ஏடிபி செலவாகாது, அந்தக் குழி பளிச்சென்று ஒளிரும். மருந்து நிறுவனங்களிலும் அவற்றுக்காகச் சோதனை செய்துதரும் ஆய்வகங்களிலும் இதற்கு ஆள் தேவை. முதுகலை முடித்தவர்களும் சேரலாம்.

இளங்கலையில் வேதியியலோ உயிர்வேதியியலோ எடுக்கட்டும். 'புற்றுநோய் உயிரியல்' என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த படிப்பு அந்தக் கட்டத்தில் வேண்டாம். வேதியியல் அடித்தளம் ஆட்டம் காணும்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். இளங்கலைக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் சேரட்டும், கைக்காசு போட்டு வேண்டாம். முழுப் பாதைக்குப் பத்து வருடம் ஆகலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு விடுமுறையில் ஏதாவது ஆய்வகத்தில் உதவிக்குப் போகட்டும். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, எண் ஏன் ஒத்துவரவில்லை என்று அவளாகவே நோண்டினால் தாராளமாகச் சேருங்கள். சலித்துக்கொண்டு திரும்பினால் வேறு படிப்பைப் பேசலாம், அப்போதும் பெரியப்பாவிடம் கேட்காமல்.