அவசர வயிற்று அறுவைக்குப் பிறகு மூக்குக் குழாய் எல்லோருக்கும் வேண்டுமா?

குடல் ஓட்டை, குடல் அடைப்பு என்று அவசரமாக வயிற்றைத் திறந்தவர்கள் எல்லோருக்கும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டு வைப்பது பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் வேண்டியதில்லை.

வயிற்றைக் காலியாக வைத்தால் குடல் சீக்கிரம் இயங்கும், உள்தையல் பிரியாது என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம் இது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 33 சோதனைகளில் 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை அலசியது. குழாய் போடாதவர்களுக்கே குடல் முன்னதாக இயங்கியது. நுரையீரல் சிக்கலும் குறைவு. தையல் கசிவில் வித்தியாசமில்லை. வாந்தி மட்டும் அவர்களுக்குச் சற்று அதிகம். குழாய் தொண்டையை உறுத்துவதால் நோயாளி நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார். இரைப்பையின் மேல்வாயும் சரியாக மூடாது.

ஆனால் இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவை திட்டமிட்ட அறுவைகள். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தபடி வருபவர் வேறு. மயக்க மருந்துக்கு முன் அவருடைய வயிற்றைக் காலி செய்யாவிட்டால் உள்ளே இருப்பது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். அங்கே குழாய் போடத் தயங்கவே கூடாது.

அறுவை முடிந்தும் காரணமின்றிக் குழாயை நாட்கணக்கில் விட்டுவைப்பதுதான் தவறு. தினமும் பார்க்க வேண்டும்: வெளிவரும் நீர் குறைந்து, குமட்டல் நின்று, வயிறு தளர்ந்தால் எடுத்துவிடலாம். எடுத்தபின் மறுபடி உப்பினால் அப்போது போட்டுக்கொள்ளலாம். உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ தையல் போட்டவர்களுக்கு மட்டும், குழாய் தவறி வெளியே வந்துவிட்டால், அறுவை மருத்துவரைக் கேட்காமல் யாரும் திரும்பச் செலுத்தக் கூடாது.