8 புள்ளி 12 ஆனால் பையன் தேறிவிட்டானா?

பாளையங்கோட்டையில் கூடைப்பந்து ஆடும் மகன் போன வருடம் ஆட்டத்துக்கு 16 நிமிடத்தில் 8 புள்ளி, இப்போது 30 நிமிடத்தில் 12. தேறிவிட்டான்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். புள்ளியை நிமிடத்தால் வகுத்து முழு ஆட்டத்தின் 40 நிமிடத்தால் பெருக்குங்கள்: அன்று 20, இன்று 16. பதற வேண்டாம். கூடுதல் நேரம் ஆடினால் எதிரணியின் முதல் ஐவரோடு மோத வேண்டியிருக்கும், களைப்பும் சேரும்.

எறிவதில் எவ்வளவு பலன் கிடைக்கிறது என்று அறிய, ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, மற்ற ஷாட்களோடு கூட்டி, இரட்டித்து, அதால் புள்ளியை வகுத்துப் பாருங்கள். 10 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ, 12 புள்ளி என்றால் 0.51. இந்த எண் ஏறுகிறதா என்பதே முக்கியம்.

ஆனி, ஆடிக் காற்றில் திறந்தவெளி சிமென்ட் தரையில், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் எத்தனை விழுந்தது என்ற கணக்கை நம்பாதீர்கள். பத்திருபது ஷாட்டில் அது தாறுமாறாக ஆடும். ஃப்ரீ த்ரோ சதவீதம் கொஞ்சம் நிதானமானது. ஊரார் "இன்னைக்கு எத்தனை பாயிண்ட்?" என்றே கேட்டால், பாஸ் கொடுக்க வேண்டிய இடத்திலும் பையன் எறிவான்.