30 கிலோமீட்டர் வேண்டாம், 20 போதும்

கடிதம்

வணக்கம். நான் திருச்சியில் பிறந்தவள். திருமணமாகிக் கொழும்புக்கு வந்து 14 வருடமாகிறது. என்னை ஏற்றுக்கொண்ட இந்த நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் கனகாலமாக இருக்கிறது. தீவைச் சுற்றி நடந்து, சிறுநீரக நோயாளருக்கு ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வாங்க நிதி திரட்ட நினைக்கிறேன். கடற்கரை 1,340 கி.மீ. என்கிறார்கள். ஒரு நாளைக்கு 30 கி.மீ. நடந்தால் 45 நாள். வயது 43. காலையில் காலிமுகத்திடல் வரை நடந்து திரும்புகிறேன். மே மாதம் தொடங்கலாமா? எந்தப் பக்கமாகச் சுற்றுவது? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஆர்., வெள்ளவத்தை

பதில்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த 30ஐ 20 ஆக்குங்கள். உங்கள் காலால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. மணிக்கு நாலரை கி.மீ. வேகத்தில், இடையிடையே உட்கார்ந்து எழும்பி நடந்தால், 20 கி.மீ.க்கு ஐந்தரை மணித்தியாலம். காலை 5 மணிக்கு வெளிக்கிட்டால் 10.30க்கு முடிந்துவிடும். 30 என்றால் பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணி, அதுவும் உச்சி வெயிலில். வந்ததும் குளித்துப் படுக்கத்தான் தோன்றும். நிதி சேர்வதோ அந்தப் பிற்பகலில்தான். சந்தை, வர்த்தக சங்கம், கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்று ஆட்களைச் சந்தித்துக் கதைக்கிற மூன்று மணித்தியாலம் அது. அதை வீதியிலேயே கரைத்துவிட்டால் நடந்த தூரம் மட்டும்தான் மிஞ்சும்.

2011இல் சிலர் தென்முனைத் தெவிநுவரவிலிருந்து வடமுனைப் பருத்தித்துறை வரை 670 கி.மீ. தூரத்தை 27 நாளில் நடந்து, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். நாளுக்கு 25 கி.மீ. வருகிறது. ஆனால் பின்னால் ஒரு பெரிய ஏற்பாட்டுக் குழு நின்றது. உங்களுக்கு நடப்பவரும் கேட்பவரும் ஒருவரே.

நீங்கள் உண்மையில் நடக்கும் வீதி சுமார் 1,300 கி.மீ., பாதையைக் கீழே சொல்கிறேன். நாளுக்கு 20 வீதம் அதற்கு 65 நடை நாட்கள். ஆறு நாளுக்கு ஒரு ஓய்வு, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், காய்ச்சலுக்கும் மழைக்கும் ஐந்து நாள் என்று ஒதுக்கினால் 83 வரும். மே மாதம் தொடங்கினால் தென்மேற்குப் பருவமழை தலையில் விழும். பெப்ரவரி இரண்டாம் வாரம் தொடங்கி, வடக்கு நோக்கிப் போய், கிழக்கு வழியாகத் தெற்குக்கு இறங்குங்கள். மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். மார்ச்சில் கிழக்கில் மழை குறைந்திருக்கும். புத்தாண்டுக்கு ஹம்பாந்தோட்டை அண்டையில் நிற்பீர்கள். அந்த இரண்டு நாளும் நடக்க வேண்டாம்: கடைகள் பூட்டு, வீதியில் குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் அதிகம். நோன்பு மாதம் இடையில் வந்தால் புத்தளம், கிண்ணியா, மூதூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று ஊர்களில் பகல் சாப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள். நிதி கேட்கும் நேரத்தையும் நோன்பு திறந்த பின் என்று மாற்றுங்கள்.

1,340 என்பது கடற்கரையின் நீளம், நீங்கள் நடக்கும் பாதையின் நீளம் அல்ல. புத்தளத்துக்கு வடக்கே வில்பத்து வனவிலங்குப் பூங்கா குறுக்கே நிற்கிறது, அதற்குள் கால்நடையாகப் போக விடமாட்டார்கள். ஏ12 வீதி வழியாக அநுராதபுரம், அங்கிருந்து மதவாச்சி, பிறகு ஏ14இல் மன்னார். இது உங்களுக்கு நட்டமில்லை. சிறுநீரக நோய் மிகுந்த பகுதிகளில் மதவாச்சியும் ஒன்று. அங்கே இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். மன்னாரிலிருந்து ஏ32இல் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம். இந்த வீதியில் நிழலும் கடையும் இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு, தண்ணீர் வாகனத்தில் வர வேண்டும். பரந்தன், முல்லைத்தீவு தாண்டி கொக்கிளாய்க் களப்பின் வாயை மீனவர் படகில், உயிர்காப்பு அங்கியோடு கடந்து புல்மோட்டை, நிலாவெளி வழியாகத் திருகோணமலை சேரலாம். சுற்றிப் போனால் நாலைந்து நாள் கூடும். படகில் கடந்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். பொத்துவிலுக்குத் தெற்கே குமன, யால வனவிலங்குப் பூங்காக்கள் குறுக்கே நிற்கின்றன. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து நடந்து வரும் கதிர்காம யாத்திரிகருக்கு உகந்தையில் காட்டுப்பாதை திறப்பது கொடியேற்றக் காலத்தில் மட்டும். மார்ச், ஏப்ரலில் அது பூட்டியிருக்கும். ஆகவே மொனராகலை, வெல்லவாய, தணமல்வில என்று இறங்க வேண்டும்.

இனி யானை. வெயிலுக்கு நல்ல நேரமான விடியற்காலை யானைக்கும் நல்ல நேரம். கருவலகஸ்வெவ தொடங்கி நொச்சியாகம வரை, லாகுகலை காடு, தணமல்வில பக்கம் இவற்றில் 5 மணிக்கு வெளிக்கிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நன்றாக வெளிச்சம் வந்து, வீதியில் பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, 7 மணிக்குத்தான் கால் வைக்க வேண்டும். அந்த நாட்களில் தூரம் 15ஆகக் குறையட்டும். வனஜீவராசிகள் அலுவலகத்திலும் ஊர்க்கடையிலும் முதல்நாள் மாலையே விசாரியுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தத் துண்டை வாகனத்தில் போங்கள். பிடிவாதத்துக்கு அங்கே இடமில்லை.

வீதியில் வலது ஓரமாக, வாகனத்தை எதிர்நோக்கி நடக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். பலர் மறப்பது இன்னொன்று. பின்னாலிருந்து முந்தும் பஸ் உங்கள் ஓரத்துக்கே வரும், கண்ணுக்குத் தெரியாது. காலி வீதியில் இது ஓயாமல் நடக்கும். காதில் எதுவும் மாட்டாதீர்கள். துணைக்கு வருபவர் அருகில் அல்ல, பின்னால் நடக்கட்டும். ஒளிரும் மேலங்கி, இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு. துணை வாகனம் உங்கள் பின்னால் ஊர்ந்து வந்தால் அதுவே விபத்துக்குக் காரணமாகும், 5 கி.மீ. முன்னே போய் ஓரமாக நின்று காத்திருக்கட்டும். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலை.

வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும், சில நாட்களில் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். தட்டையான மண் ஓரம் கிடைக்கும் இடமெல்லாம் இறங்கி நடவுங்கள். சப்பாத்து வழமையைவிட ஒரு அளவு பெரிது, இரண்டு சோடி, நாள் மாற்றி நாள். கொப்புளம் சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் வரும். எரிகிற உணர்வு வந்த அந்த நிமிடமே நின்று காலுறையை மாற்றி, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த ஊர் வரை போகலாம் என்று விட்டால் ஒரு வாரம் போகும். வந்துவிட்ட கொப்புளம் சின்னதென்றால் தொடாதீர்கள். பெரிதாகி வலித்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துத்தான். வியர்வையில் உப்புப் போகிறது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வந்தால் இன்னும் தண்ணீர் ஊற்றாமல் நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் மிகுதி, சோடியம் குறைவு. ஒரு பைக்கற் ஜீவனியை (கடையில் கிடைக்கும் உப்பு, சீனிக் கரைசல் தூள்) சரியாக ஒரு லீற்றரில் கரைத்து, தண்ணீரோடு மாறி மாறிக் குடியுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இயந்திரம் வாங்குவது என்று இப்போதே அறிவிக்க வேண்டாம். ஒருவருக்கு நாலு மணித்தியாலம் டயாலிசிஸ் செய்ய நிமிடத்துக்கு 500 மி.லீ. வீதம் 120 லீற்றர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அந்த சுத்திகரிப்புப் பொறி, வடிகட்டி, குழாய்கள், பயிற்சி பெற்ற தாதி இல்லாத இடத்தில் இயந்திரம் துணி போர்த்தியபடி நிற்கும். வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: உண்மையில் எது குறைகிறது, என்ன வகை, பராமரிப்பு யார்? அவர் கதிரையோ வடிகட்டியோ கேட்டால் அதையே இலக்காக வையுங்கள். விலை தெரிந்த ஒரு பொருளைச் சொன்னால் ஊர்க்கடைக்காரரும் தன் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்.

உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். பதிவுள்ள நலன்புரி அமைப்பொன்றின் கணக்கு, இரண்டு கையொப்பம், தொடரிலக்கமிட்ட பற்றுச்சீட்டு மூன்று மொழியிலும். கைபேசியால் பணம் அனுப்ப உதவும் லங்கா கியூஆர் அட்டையை வாகனத்தில் ஒட்டிவிட்டால் காசு கையாளும் தொல்லை பெரும்பாலும் இல்லை. சாப்பாடு, எரிபொருள், தங்குமிடச் செலவு நன்கொடையிலிருந்து போகவே கூடாது, அதற்கு வேறாக ஆள் பிடியுங்கள். குடியுரிமை எடுக்கவில்லையென்றால், உங்கள் விசா இதை அனுமதிக்கிறதா என்று குடிவரவு திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் பொலிஸுக்கும் ஒரு மாதம் முன்பே கடிதம் போகட்டும். வரவேற்பு என்று பாடசாலைப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்த முன்வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

ஜனவரியில் ஒரு ஒத்திகை வையுங்கள். வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்பு வரை இரண்டு நாள், வாகனம், அட்டை, பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லாவற்றோடும். இரண்டாம் நாள் பிற்பகல் நீர்கொழும்புச் சந்தைக்குப் போய் ஒரு மணித்தியாலம் நின்று கதைக்கத் தெம்பிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 20ஐ 18 ஆக்குங்கள்.