இளம் கத்தோலிக்கக் குருக்கள் மீது நம்பிக்கை வைக்க என்ன காரணம்?

முதன்மையான காரணம், குருத்துவ உருவாக்கம். ஓர் இளைஞரைக் குருப்பணிக்குத் தயார்செய்யும் நீண்ட பயிற்சி அது. இறையியல் படித்தால் மட்டும் போதாது. மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மக்களை வழிநடத்தும் மேய்ப்புப்பணி நான்கும் சேர்ந்து வளர வேண்டும், அவற்றுக்கு அடித்தளம் மனிதப் பண்பே என்று 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார். கோபத்தை அடக்கவும், பிறர் துயரைக் காதுகொடுத்துக் கேட்கவும் தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் மக்கள் அவரை நெருங்கமாட்டார்கள். எனக்குப் பெரும் நம்பிக்கை தருவது இந்த அழுத்தம்தான்.

2016இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி, மெய்யியல் படிப்புக்கு முன்பே ஒரு தயாரிப்புக் காலம் வேண்டும் என்றது. அருள்பொழிவுக்குப் பிறகும், அதாவது குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட பிறகும், உருவாக்கம் தொடர வேண்டும் என்றது. நாற்றைப் பிடுங்கி வயலில் நட்ட பிறகும் தண்ணீர் பாய்ச்சத்தானே வேண்டும்? அருள்பொழிவுத் திருப்பலியில் ஆயர் (பிஷப்) புதிய குருவின் தலைமீது கைகளை வைத்தபின், வந்திருக்கும் குருக்களும் ஒவ்வொருவராக அவர் தலைமீது கைகளை வைப்பார்கள். நரைத்த தலைமுறையின் அந்த ஆதரவு, பங்கு ஆலயத்தில் புதியவர் தடுமாறும் முதல் ஆண்டுகளிலும் கிடைக்க வேண்டும்.

இந்தப் பயிற்சி நடக்கும் குருமடத்திலிருந்து பாதியில் விலகியவரைத் தோற்றவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, இறைவன் தன்னை எந்த வாழ்வுக்கு அழைக்கிறார் என்று தெளிவதும் அந்தப் பயிற்சியின் நோக்கமே.