இதயத்திலிருந்து கரும்புக்கு

கேள்வி: இதயச் செல்களின் அயனிக் கால்வாய்களை ஆராய்ந்த நீங்கள் கரும்புக்கு எப்படி வந்தீர்கள், டாக்டரம்மா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பெரிய தாவலாகத் தெரியும், இல்லையம்மா. அயனிக் கால்வாய் என்பது மின்னேற்றமுள்ள துகள்கள் செல்லுக்கு உள்ளும் வெளியும் போகும் புரத வாசல். இதயத்திலுள்ள பொட்டாசியம் கால்வாய்களின் உறவுக்காரப் புரதங்கள் செடியிலும் உண்டு. பொட்டாசியம் குறைந்தால் வளராத ஈஸ்ட்டுக்குள் அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச்செடியின் மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்த ஈஸ்ட்டிலிருந்து 1992இல் கேட்1 என்ற பொட்டாசியம் கால்வாயைக் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்ததும் மனசு செடிப்பக்கம் சாய்ந்துவிட்டது. இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்லுக்குள் இந்த மாதிரிக் கால்வாய் வழியே பொட்டாசியம் போனால் தண்ணீரும் கூடவே போகும். செல் உப்பும், துளை திறக்கும். வறட்சியில் துளை மூடாவிட்டால் பயிர் காய்ந்துவிடும். நம் குவாசுலு-நட்டால் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பியது. கரும்பு வெட்டியவரின் பேத்தியான எனக்கு இது சும்மா ஆராய்ச்சியா? அப்புறம், கண்ணாடி நுண்குழாயைச் செல்லில் ஒட்டி மின்னோட்டம் அளக்கும் பழைய கைவேலை அப்படியே உதவியது. செடியில் மட்டும் செல்சுவரை முதலில் நொதியால் கரைக்கணும். அது கைவரத்தான் நாளாயிற்று.