செங்கல் நிறத்தில் இறந்து கிடந்த வேர்ப்புழு

கேள்வி: உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேரைத் தின்னும் வேர்ப்புழுவை ஒழிக்க, நுண்ணிய நூற்புழுக்கள் அடங்கிய தூளை மண்ணில் இட்டோம். சில நாட்களுக்குப் பின் கொத்தியபோது, வேர்ப்புழுக்கள் செங்கல் நிறத்தில் இறந்து கிடந்தன, அழுகவுமில்லை, நாற்றமுமில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கொல்லும் பொருள் இவற்றில் இருப்பதாக என் மகள் சொல்கிறாள். உண்மையா? இவற்றை அரைத்துப் புண்ணில் பூசலாமா?
– ஒரு விவசாயி, கோத்தகிரி

பதில்: மகள் சொல்வது உண்மை, ஆனால் புண்ணில் பூசவே கூடாது.

நீலகிரியில் நூற்புழு என்றதும், 1961-இல் இங்கு கண்டறியப்பட்ட, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழுதான் நினைவுக்கு வரும். தாங்கள் இட்டது அதுவன்று. பூச்சிகளை மட்டுமே தாக்குவது. செங்கல் நிறத்தை வைத்துப் பார்த்தால், அது ஹெட்டெரோராப்டிடிஸ் வகையாக இருக்க வேண்டும். அவ்வகையின் ‘இண்டிகா’ இனம் மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் கிடைத்து, 1992-இல் விவரிக்கப்பட்டது.

ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த நூற்புழுவின் குடலில் ஃபோட்டோராப்டஸ் என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. நூற்புழு வேர்ப்புழுவுக்குள் நுழைந்து பாக்டீரியாவை அதன் இரத்தத்தில் விட, பெரும்பாலும் இரண்டே நாளில் வேர்ப்புழு இறந்துவிடும். அதன் பின் அந்த உடல்தான் இருவருக்கும் உணவு. மண்ணிலுள்ள பூஞ்சைகளும், வேர்ப்புழுவின் குடலில் முன்பே இருந்த பாக்டீரியாக்களும் அந்த உணவுக்குப் போட்டியிடுவதால், அவற்றை அடக்கும் பல வேதிப்பொருட்களை ஃபோட்டோராப்டஸ் சுரக்கிறது. தாங்கள் கண்ட உடல் அழுகாததற்குக் காரணம் இதுவே. செந்நிறமும் அந்தப் பாக்டீரியாவின் நிறமியே. கும்மிருட்டில் கண் பழகும்வரை காத்திருந்து பார்த்தால், அவ்வுடல் மங்கலாக ஒளிர்வதையும் காணலாம்.

மருந்து தேடுவோர் இங்கே வந்ததற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. இச்சுரப்புகள் கூட்டாளியான நூற்புழுவைக் கொல்லக் கூடாது. இறந்த உடல் முழுவதும் பரவ வேண்டும். குடலில் வாழும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களை அடக்கவும் வேண்டும். மருத்துவர் ஒரு மருந்திடம் எதிர்பார்க்கும் குணங்களும் ஏறக்குறைய இவைதாம். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், பல மருந்துகள் உள்ளே நுழைவதேயில்லை. 2019-இல் பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிம் லூயிஸ் குழுவினர் ஃபோட்டோராப்டஸிலிருந்து பிரித்தெடுத்த டாரோபாக்டின் என்னும் பொருள் உள்ளே நுழைய வேண்டியதே இல்லை. அச்சவ்வைக் கட்டும் பாம்-ஏ என்னும் புரதத்தை அது வெளியிலிருந்தே பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. ஏழே அமினோ அமிலங்களால் ஆன இச்சிறு மூலக்கூறு, ஈ. கோலை, கிளெப்சியெல்லா ஆகிய கிருமிகளால் தொற்றுண்ட எலிகளைக் காப்பாற்றியது.

புண்ணுக்கு வருவோம். அரைத்த புழுவில் இருப்பது பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய மருந்தன்று. உயிருள்ள பாக்டீரியாவும், அதன் நச்சுகளும், தோட்டத்து மண்ணும்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபோட்டோராப்டஸ் அசிம்பயாட்டிகா, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மனிதர்களுக்குத் தோல் தொற்றை உண்டாக்கியிருக்கிறது. மண் பட்ட புண்ணால் வரும் இசிவு நோயையும் (டெட்டனஸ்) மறக்க வேண்டாம். புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இப்புதிய பொருளுக்கும் கிருமிகள் பழகிவிடாதா?
– வாசகி, குன்னூர்

பதில்: பழகும். ஆய்வகத்திலேயே பாம்-ஏ புரதத்தை மாற்றிக்கொண்டு டாரோபாக்டினைத் தாங்கிய பாக்டீரியாக்கள் தோன்றின. ஆனால் அம்மாற்றத்தால் அவற்றின் நோய் உண்டாக்கும் வலிமை குன்றியது என்பதே எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிட்டிருக்கும் நிலையில், இது சிறிய செய்தியன்று. 2022-இல் வேதியியலாளர்கள் இம்மூலக்கூறை ஆய்வகத்திலேயே தொகுத்து உருவாக்கிவிட்டதால், அதன் அமைப்பை வேண்டியவாறு மாற்றி, இன்னும் வலிமையான வடிவங்களைச் சோதிக்கவும் வழி பிறந்திருக்கிறது.